கெண்டைகள் தேடிப் போன சூடு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒதுங்கி வழி விடுவார். மீன் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து தொட்டி கழுவினார், தொட்டிக்குத் தண்ணீர் விட்டார், பாதி நாளைத் தொட்டிக்குள்ளேயே நின்று கழித்தார். ஆகவே தொட்டிக்காரர் ஆகிவிட்டார். கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் அதே பெயர்தான் தெரியும். அவர் மனைவி தொட்டிக்காரர் வீட்டம்மா.

வீடு என்றால் பண்ணையின் பின்பக்கத்தில் ஓர் அறை. அதை ஒட்டி, சமைப்பதற்கு ஒரு தகர மறைப்பு. ஜன்னலைத் திறந்தால் தெரு தெரியாது. இரண்டு பெரிய சிமெண்டுத் தொட்டிகள்தான் தெரியும், ஒன்று சற்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். மேல் தொட்டி, கீழ்த் தொட்டி. பண்ணையின் முன்பக்கம் குஞ்சு மீன்களுக்குச் சின்னத் தொட்டிகள் வரிசையாக இருந்தாலும், உயிர் இருந்தது இந்த இரண்டில்தான். தாய் மீன்கள் இருந்தது இங்கே. எல்லாம் வண்ணக் கெண்டைகள். ஒன்று செங்கல் நிறம், ஒன்று வெள்ளைத் துணியில் மை கொட்டிய மாதிரி, இன்னொன்று உரித்த ஆரஞ்சுச் சுளை மாதிரி. எல்லாவற்றிலும் பெரியது மேல் தொட்டியில் இருந்த ஒரு பொன்னிறக் கெண்டை. அதற்குப் பெரியக்கா என்று பெயர்.

அவருக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சு எழுவதில்லை. ஆனால் சோறு ஆறிப் போகிறதே என்று அவள் தட்டோடு காத்திருக்கும்போது, இவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கெண்டைகளோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தால், அவளுக்கு வாய் சும்மா இருக்காது. என்னைக் கட்டினதுக்கு நாலு கெண்டையைக் கட்டியிருக்கலாம், சோறு வடிக்கிற செலவாவது மிச்சம் என்பாள். இவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கை கழுவுவார். கையில் மீன் வாடை போகாது. அதே கையால் சாப்பிடுவார்.

பக்திமான். பெரிய பூசை, பாராயணம் எல்லாம் தெரியாது. காலையில் முதல் தீனி போடுமுன் தொட்டி ஓரத்தில் நின்று கண்ணை மூடுவார். "ஆண்டவனே, இதுங்கள நீதான் பாத்துக்கணும். நான் வெறும் கை." அவ்வளவுதான். தினமும் அதே வார்த்தைகள். அதற்குப் பிறகு முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, குளிரா வெதுவெதுப்பா என்று பார்ப்பார்.

குளிர் காலத்திலும் அந்தத் தொட்டிகளில் வெதுவெதுப்பு இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி. பனிக்கட்டி உறைய வைக்கிற இயந்திரத்துக்கு ஓயாமல் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு வெளியே வரும். சுத்தமான தண்ணீர், கை பொறுக்கிற சூடு. வீணாகச் சாக்கடைக்குப் போகிறதே என்று, காலமாகிவிட்ட பழைய முதலாளி மதிலில் துளை போட்டு, இரண்டு தொட்டிக்கும் குழாய் இழுத்து வைத்தார். தாய் மீன் குளிரில் சுணங்கிப் போனால் முட்டை தங்காது என்பது அவர் கணக்கு. மேல் தொட்டியில் குழாய் வாய் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கொட்டும். கீழ்த் தொட்டியில் அது அடிச்சுவரோடு சேர்த்துக் கட்டிய கம்பி வலைக்குப் பின்னாலிருந்து வரும்.

முதலாளி போன பிறகு அவர் மனைவி பண்ணையை ஏற்றுக்கொண்டார். சின்ன வயது. மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை மறைக்காத பெண். துக்கம் முடிந்து முதல் தடவை பண்ணைக்கு வந்தபோது இவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தாய் மீனு இருந்தா பண்ணை இருக்கும்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதுங்கள மட்டும் நீங்க பாத்துக்கங்க. மத்த தலைவலி எல்லாம் நான் பட்டுக்கறேன்."

அந்த ஒரு சொல் இவருக்குப் போதும். அண்ணே என்று கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த இரண்டு தொட்டியும் அவர் தலையில் வைத்த குடம் மாதிரி ஆகிவிட்டன. நடந்தாலும் அதே நினைப்பு, உட்கார்ந்தாலும் அதே நினைப்பு.

நோய் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சூடு. கண் எரிந்தால் சூடு. வயிறு பிடித்துக்கொண்டால் சூடு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் இதை எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், இவரும் அப்படியே நம்பினார். மனைவிக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றி மாற்றி நெற்றியில் போட்டார். அவள் போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள், இவர் உருவி உருவி எடுத்தார். கடைசியில் காய்ச்சல் விட்டது. தான்தான் சூட்டை இறக்கிவிட்டதாக இவருக்கு மனத்துக்குள் ஒரு திருப்தி. நீங்க துணி போட்டதுல எனக்குப் பல்லு கிட்டிக்கிச்சு, போர்வைய குடுத்திருந்தா முன்னமே எந்திரிச்சிருப்பேன் என்று அவள் குத்திக் காட்டினாள். நன்றி கெட்டவள் என்று இவரும் செல்லமாகத் திட்டினார். அதோடு விட்டுவிட்டார்.

குளிர் தொடங்குகிற சமயத்தில் மீன் டாக்டர் வந்தார். இளவயதுப் பெண். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கக் கூச்சப்படாதவர். இவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார். வேறு பண்ணைகளில் கெண்டைக்கு மட்டும் வருகிற ஒரு வைரஸ் நோய் பரவுவதாகவும், அதற்கு நேரான மருந்து கிடையாது என்றும் சொல்லி, ஒரு பை நிறையப் பழுப்புப் பொடி கொடுத்தார். ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட்டிலிருந்து எடுத்ததாம்.

"இது கிருமியக் கொல்லாது ஐயா. உடம்புக்குள்ள தூங்குற காவல்காரங்கள தட்டி எழுப்பி வைக்கும். கிருமி வரும்போது அவங்க முழிச்சிருக்கணும், அதுக்குத்தான்."

இவருக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. தீனியில் எண்ணெய் தடவி, பொடியைத் தூவி, ஒவ்வொரு உருண்டையிலும் ஒட்டும்படி கையாலேயே புரட்டினார். காவக்காரன எழுப்புற பொடின்னா உங்களுக்கும் ஒரு ஸ்பூன் குடுக்கலாமே, காலையில எழுப்பறதுக்குள்ள எனக்கு உசிரு போகுது என்றாள் மனைவி.

நோய் வந்தது. எப்படி வந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. புதிதாக வாங்கி வந்த மீன்களோடு வந்திருக்கலாம், மீன் ஏற்ற வந்த வண்டிக்காரரின் வலையோடு வந்திருக்கலாம். ஒரு காலையில் மேல் தொட்டியில் தீனி போட்டபோது முக்கால்வாசி மீன்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் வழவழவென்று கோழை. கண்கள் உள்ளே போயிருந்தன. ஒன்றைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டுகள். கீழ்த் தொட்டியிலும் அதே கோலம்.

டாக்டருக்குப் போன் அடித்தார். போகவில்லை. மறுபடி அடித்தார். அவர் எங்கேயோ தொலைவில், சிக்னல் கிடைக்காத இடத்தில் இன்னொரு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. முதலாளியம்மாவும் வெளியூரில். போனில் அழாத குறையாக, எப்படியாவது காப்பாத்துங்கண்ணே என்று மட்டும் சொன்னார்.

எப்படியாவது. அந்தச் சொல்தான் அவரை உட்கார விடாமல் விரட்டியது.

மேல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். இவ்வளவு பெரிய தொட்டியில் மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடக்க, நோயுற்ற மீன்கள் எல்லாம் அந்த வெந்நீர்க் குழாய்க்கு அடியில் முண்டியடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முதுகு வெளியே தெரியக் கிடந்தன. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதற்குள் செத்துப் போன மூன்று மீன்களும் அங்கேதான் மிதந்தன. ஆரோக்கியமாகத் திரிந்த ஒன்றிரண்டு மட்டும் எட்டப் போய், எதிர் மூலையில் குளிர்ந்த தண்ணீரில் இருந்தன.

இதைவிடக் கண்கூடான சாட்சி வேறு என்ன வேண்டும்? குழாய்க்கு அருகில் இருப்பது சாகிறது. எட்டப் போனது நன்றாக இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் எமன் என்று அவருக்குப் பட்டது. அதன் சூடு ஏறி, மயங்கி, விலகிப் போகத் திராணி இல்லாமல் அங்கேயே கிடக்கின்றன என்று நினைத்தார். அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பாவம், நின்றவர் இவர்.

ஒரு கோணிச் சாக்கை மடித்துக் குழாய் வாயில் திணித்துக் கயிற்றால் கட்டினார். தண்ணீர் நின்றது. பிறகு மதில் ஓரமாகப் போய் ஐஸ் கம்பெனி ஆளைக் கூப்பிட்டார். அவருக்குக் கொதிப்பு என்று பட்டப்பெயர். நாளெல்லாம் பனிக்கட்டியோடு புழங்குகிற மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவார். இவரிடம் மட்டும் பிரியம். மாமா என்று முறை வைத்துப் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும், கம்பெனியில் யாரையும் கேட்காமல், இரும்புக் கொக்கியால் பாளம் பாளமாக இழுத்து மதிலுக்கு மேலே தள்ளிவிட்டார்.

"தாராளமா எடுத்துக்கங்க மாமா. ஆனா ஒண்ணு, கெண்டைக்குச் சளி பிடிச்சா எங்கிட்ட வரக் கூடாது."

இவருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சாக்கில் சுற்றி, சுத்தியலால் உடைத்து, கட்டிகளைக் கைநிறைய அள்ளி அள்ளி மேல் தொட்டியில் போட்டார். விரல்கள் மரத்துப் போயின. முகத்திலிருந்து வடிந்தது வியர்வையா ஐஸ் தண்ணீரா என்று தெரியவில்லை.

மீன்கள் குழாயை விட்டுப் போகவில்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. தண்ணீர் நின்ற பிறகும், நுனி தண்ணீரில் தொங்கிய அந்தக் கோணியை வாயால் முட்டி முட்டிப் பார்த்தன. பெரியக்கா கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, சாக்கின் நுனியைக் கவ்வி இழுத்தது. அது அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, இவர் இன்னொரு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கினார். "சொன்னாக் கேளு தாயி, அந்தப் பக்கம் போகாத" என்று, பிள்ளையை அடுப்பிலிருந்து விலக்குகிற மாதிரி, கையால் அதைத் தள்ளிவிட்டார். அது மறுபடி வந்தது. மறுபடி தள்ளிவிட்டார்.

கீழ்த் தொட்டியில் அவர் ஜம்பம் பலிக்கவில்லை. அங்கே குழாய் வாய் அடியில், கம்பி வலைக்குப் பின்னால் இருந்தது. சாக்கு திணிக்க முடியாது. மதில் ஓரத்தில் இருந்த வால்வைத்தான் மூட வேண்டும். அது பழைய முதலாளி காலத்தில் திறந்தது, துருவேறி இறுகிக் கிடந்தது. ஸ்பானர் போட்டுத் திருகினார். எண்ணெய் விட்டுத் தட்டினார். கொதிப்பும் மதிலைத் தாண்டிக் குதித்து வந்து, கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லித் திருகிப் பார்த்தார். மயிரிழை அசையவில்லை. ஐஸ் போட்டால், உள்ளே வந்துகொண்டே இருக்கும் வெந்நீரில் போட்ட இடத்திலேயே கரைந்து போயிற்று. இருந்த கட்டியும் தீர்ந்தது.

கொதிப்பு போன பிறகு இவர் அந்த வால்வைப் பிடித்துக்கொண்டே மண்ணில் மண்டியிட்டார். தினமும் சொல்கிற வார்த்தைகள் அன்று போதவில்லை. "ஆண்டவனே, உங்கிட்ட நான் பெருசா எதுவும் கேட்டதில்ல. பிள்ள கூட கேட்டு அழுததில்ல. இந்த வால்வ மட்டும் திருப்பிக் குடு" என்று வாய்விட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, உடம்பின் பலத்தை எல்லாம் கூட்டித் திருகினார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வால்வு திரும்பவில்லை.

கீழ்த் தொட்டியைப் பார்க்க அவருக்கு முகம் இல்லை. அங்கேயும் மீன்கள் அந்த வலையோரம் குவிந்து கிடந்தன. என்னால ஆனது இவ்வளவுதான், மன்னிச்சிக்கங்க என்று அவற்றிடம் சொல்லிவிட்டு, மேல் தொட்டிக்கே திரும்பி வந்துவிட்டார். இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று.

சாயங்காலம் மேல் தொட்டி அமைதியாகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது நின்றது. அடியில் ஒதுங்கி, அசையாமல், துடுப்பை மெல்ல விசிறிக்கொண்டு நின்றன. கோணியையும் முட்டவில்லை. அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா, சூடு இறங்கிடுச்சு. நிம்மதியாத் தூங்குதுங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சோறு போடப் போனாள். அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார். ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தார்.

அதைத்தான் இப்போதும் அவரால் மறக்க முடியவில்லை. நன்றி சொன்னதை.

மறுநாள் பாதி போயிற்று. அதற்கு மறுநாள் மிச்சமும் போயிற்று. பெரியக்கா கடைசியில்தான் போனது. வயிறு மேலாகத் திரும்பிய பிறகும் செவுள் விட்டு விட்டு அசைந்துகொண்டிருந்தது. இவர் தொட்டிக்குள் இறங்கி அதை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் எலும்பைக் குத்துகிற குளிர். அவள் வந்து, வெளிய வாங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும் என்று கெஞ்சினாள். அசைவு நின்று வெகு நேரம் ஆன பிறகும் கையை எடுக்கவில்லை.

இதில் அவருக்குப் புரியாதது கீழ்த் தொட்டிதான். கைவிட்ட தொட்டி. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த தொட்டி. அங்கே ஐந்தாறு செத்திருந்தன, அவ்வளவுதான். மற்றவை மெல்ல மெல்ல வலையோரத்தை விட்டுப் பிரிந்து, தொட்டி முழுக்கத் திரிய ஆரம்பித்தன. இவர் காலடிச் சத்தம் கேட்டதும் தீனிக்கு வந்து கூடின.

சில நாள் கழித்து டாக்டர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தொட்டியைப் பார்த்தார், அவிழ்க்காமல் கிடந்த கோணியைப் பார்த்தார், கரையில் சுருண்டு கிடந்த ஐஸ் சாக்கைப் பார்த்தார். இவரே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் டாக்டர் தொட்டிச் சுவரில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, நமக்கு வைரஸ் கிருமி தொத்துனா உடம்பு தானாவே சூடாகும். அந்தச் சூடு நோயில்ல. உடம்பு அடுப்பு மூட்டுது. அந்தச் சூட்டுல கிருமியால நெனச்ச மாதிரி பெருக முடியாது. நம்ம காவல்காரங்களுக்கோ அந்தச் சூட்டுலதான் வேகம் வரும். மீனுக்கு உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது. தண்ணி எப்படியோ அதுவும் அப்படி. அதனால காய்ச்சல் வேணும்னா, அது சூடான தண்ணியத் தேடித்தான் போகணும்."

இவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "அப்ப குழாய்கிட்ட செத்துக் கிடந்தது?"

"பிந்திப் போய்ச் சேந்ததுங்க ஐயா. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தரு செத்துக் கிடந்தா, ஆஸ்பத்திரிதான் கொன்னுச்சுன்னு சொல்லுவமா?"

"எட்டப் போனதுங்க?"

"அதுங்களுக்கு அப்ப நோய் தொத்தல. சூடு தேவப்படல."

ஐஸ் போட்ட பிறகு வாய் பிளக்காமல் அமைதியாக இருந்தனவே என்று கேட்டார். குளிர்ந்த தண்ணீரில் காற்று கூடக் கரைந்திருக்கும், மூச்சுத் திணறல் குறைந்த மாதிரித் தெரியும், உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அந்தப் பொடியும் வீணாகவில்லை, காவல்காரர்கள் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், சூட்டைத் தேடிப் போகிற புத்தியைக்கூட அது சீக்கிரமே கிளப்பிவிட்டிருக்கலாம் என்றார். பிறகு, இதை எல்லாம் பொடி கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என் மேல் என்றார்.

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவி காய்ச்சலில் போர்வையை இழுத்தது நினைவுக்கு வந்து, அவளுக்கு ஈரத்துணி போட்டேனே அதுவும் தப்பா என்று கேட்டார். அது வேற ஐயா, மனுஷருக்குக் காய்ச்சல் ரொம்ப ஏறினா இறக்கத்தான் வேணும், அத அந்த டாக்டருங்ககிட்டக் கேட்டுச் செய்யணும் என்றார் மீன் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ஆறுதல் போய்ச் சேர அந்த மனத்தில் இடம் இல்லை.

அவர் நினைப்பெல்லாம் அந்த வால்விலேயே நின்றது. மேல் தொட்டியில் அவர் நினைத்தது எல்லாம் நடந்தது. குழாய் அடைபட்டது, ஐஸ் கிடைத்தது, தண்ணீர் குளிர்ந்தது, நன்றியும் சொன்னார். கீழ்த் தொட்டிக்காக மண்டியிட்டு, தோல் உரிய உரியக் கேட்டது ஒன்றே ஒன்று. அதை மட்டும் ஆண்டவன் கொடுக்கவில்லை. கொடுக்காததால் அவை பிழைத்தன. கொடுத்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது. கருணை என்று அதைச் சொல்லலாம்தான். நமக்கு வேண்டியது நம்மைவிட அவனுக்குத் தெரியும் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் மேல் தொட்டியில் அவர் கயிறு இறுக்கும்போது அதே கருணை ஏன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை? அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் போய் எந்த நல்ல வார்த்தையைச் சொல்வது?

அதற்குப் பிறகு காலையில் தொட்டி ஓரத்தில் கண்ணை மூடுவார். வாயில் ஒன்றும் வராது. எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டால் கிடைத்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு, தீனித் தட்டை எடுத்துக்கொண்டு கீழ்த் தொட்டிக்குப் போவார்.

முதலாளியம்மா ஊரிலிருந்து வந்தார். மேல் தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் காலில் விழப் போனார். அவர் பதறி, பெரியவங்க நீங்க என்று பிடித்து நிறுத்தினார். திட்டியிருந்தால்கூட இவருக்குத் தாங்கியிருக்கும்.

டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிழைத்த மீன்கள் பிழைத்தது உண்மை. ஆனால் கிருமி அவற்றின் உடம்பை விட்டுப் போகாது. உள்ளேயே ஒளிந்து கிடக்கும். புதிய மீன்கள் வந்தால் அவற்றுக்குத் தொற்றும். ஒன்று, பண்ணையில் இனி வேறு கெண்டையே விடாமல் இவற்றை மட்டும் சாகும் வரை வைத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தொட்டிகளைக் கழுவிக் காயவைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

முதலாளியம்மா இவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. பண்ணைய மூடவும் முடியாது, இதுங்களக் கொல்லவும் மனசு வரல. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யறேன்."

கீழ்த் தொட்டியில் தண்ணீர் வந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது. அவர் வாய் திறந்தது, மூடியது. இருக்கட்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தான் சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மனைவி அறை வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள், பேசுங்க, ஏதாவது பேசுங்க என்று. அவர் பேசவில்லை. தெரிந்த மாதிரி ஒரு தடவை நடந்துகொண்டவர் அவர். இனி எந்தக் காலத்திலும் தெரிந்த மாதிரி நடந்துகொள்ள மாட்டார்.

முதலாளியம்மா காத்துப் பார்த்தார். அந்த மௌனத்தை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். "சரிண்ணே. உங்களுக்கும் முடிச்சிடறதுதான் சரின்னு படுது போல" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம் ஆக வேண்டியதைப் பார்க்கச் சொன்னார். அதை மறுக்கவும் இவருக்கு வாய் வரவில்லை.

வலி தெரியாமல் தூங்க வைக்கிற மருந்து இருக்கிறது, தண்ணீரில் கலந்தால் போதும் என்றார் டாக்டர். நான் இறங்குறேன் என்றார் இவர். அன்று அதுவரை அவர் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்த் தொட்டிக்குள் இறங்கினார். இறங்கியதுமே கெண்டைகள் தீனிக்கு என்று நினைத்துக்கொண்டு காலைச் சுற்றி வந்து கூடின. கணுக்காலை முட்டின, விரலிடுக்கில் வாயை வைத்துப் பார்த்தன. நோய்த் திட்டு ஆறிய செவுள்கள் மறுபடி சிவந்திருந்தன. டாக்டர் மருந்தைச் சுற்றிலும் ஊற்றினார். மீன்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, சாய்ந்து, அவர் காலிலேயே வந்து ஒதுங்கின. அவர் ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, அசைவு அடங்கும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டார். கடைசி மீனும் அடங்கியது. போதும் ஐயா, மேல வாங்க என்றார் டாக்டர். அவர் அசையவில்லை.

அப்போது மனைவி, இத்தனை காலத்தில் அந்தத் தொட்டிக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்காதவள், சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல் அப்படியே இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்தாள். முழங்கால்வரை தண்ணீர். அடியில் வலைக்குப் பின்னாலிருந்து அது இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது.

"தண்ணி எவ்வளவு இதமா இருக்குங்க" என்றாள், தன்னையறியாமல்.

"இதத்தான் கேட்டுச்சுங்க" என்றார் அவர்.

அவள் குனிந்து, மிதந்த மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் அள்ளி, கரையில் நின்றவர்களிடம் கொடுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் குனிந்தார்.